கியர் பத்தாத கார், மூச்சு வாங்கிய மேடு: பெர்த்தா பென்ஸ் 1888-ல் கண்டுபிடித்த குறை என்ன?

சென்னை, வேலூர் பக்கமிருந்து வார இறுதியில் ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு சந்தவாசல் பழக்கமான ஊர்தான். மலை அடிவாரம். அதுவரை சமவெளிச் சாலையில் கார் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு போளூர் போய் ஜமுனாமரத்தூர் மலைப்பாதையைப் பிடித்ததும் கதை மாறிவிடும். முக்கியமாக, குறைந்த விலை ஆட்டோமேட்டிக் காராக இருந்தால். வளைவில் வேகம் குறையும், மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் அரை நொடி யோசிக்கும், பிறகு ஒரு குலுக்கல். உள்ளே இருக்கிற எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் முன்னே போய் பின்னே வரும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காத அந்த அரை நொடிதான் அத்தனைக்கும் காரணம். அந்தப் பேச்சுவார்த்தையை ஒழுங்குபடுத்தத்தான் இன்றைய கார்களில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஆனால் மேட்டில் ஏறும்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று போதவில்லை என்பதை, நீண்ட சாலைப் பயணத்தில் முதன்முதலாக அனுபவித்து, வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னவர் ஒரு ஜெர்மானியப் பெண். பெயர் பெர்த்தா பென்ஸ். மெர்சிடிஸ்-பென்ஸ் என்ற பெயரில் இருக்கிற அதே பென்ஸ்தான். (மெர்சிடிஸ் என்பது வேறொரு வீட்டுப் பெண்ணின் பெயர். டெய்ம்லர் நிறுவனத்தின் கார்களை விற்ற எமில் ஜெலினெக்கின் மகள்.)

யார் இந்த பெர்த்தா?

1849 மே 3-ம் தேதி தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். பிறந்தபோது பெயர் பெர்த்தா ரிங்கர். அப்பா தச்சுத் தொழிலில் முன்னுக்கு வந்து, கட்டட வேலைகள் எடுத்துச் செய்து, நல்ல வசதியோடு வாழ்ந்தவர். மகளை அந்தக் காலத்து வசதியான வீட்டுப் பெண்கள் படிக்கும் விடுதிப் பள்ளியில் சேர்த்தார். பெர்த்தாவுக்கு இயந்திரங்கள் மேல் ஆர்வம் இருந்தது. ஆனால் அதற்கு மேல் படிக்க வழி இல்லை. ஃபோர்ட்ஸ்ஹைம் இருந்த பாடன் மாநிலத்தில் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது 1900-ல். அப்போது பெர்த்தாவுக்கு 50 வயது தாண்டிவிட்டது.

1869-ல் ஓர் உல்லாசப் பயணத்தில் கார்ல் பென்ஸைச் சந்தித்தார். கார்ல், ரயில் இன்ஜின் ஓட்டுநர் ஒருவரின் மகன். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால் அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வைத்த பையன். கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் படித்திருந்தார். கையில் காசு இல்லை, தலை நிறைய இயந்திரம் இருந்தது. குதிரை இல்லாமல் ஓடும் வண்டியைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு.

காதல் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதைவிட சுவாரசியமானது பணக் கதை. கார்ல் 1871-ல் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரோடு கூட்டு சேர்ந்து மன்ஹைம் நகரில் ஒரு பட்டறை தொடங்கினார். கூட்டாளி நம்பகமானவராக இல்லை. தொழில் முழுகும் நிலை வந்தது. அப்போது பெர்த்தா கல்யாணத்துக்கு முன்பே தனக்கு வரவேண்டிய சீதனப் பணத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கி, ரிட்டரின் பங்கை விலைக்கு வாங்கி, அவரை வெளியே அனுப்ப உதவினார். அதற்குப் பிறகுதான், 1872 ஜூலையில் கல்யாணமே நடந்தது. இன்றைய ஸ்டார்ட்அப் மொழியில் சொன்னால், அந்த நிறுவனத்தின் முதல் முதலீட்டாளர் பெர்த்தா.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கல்யாணமான பெண்ணின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை அந்தக் காலச் சட்டப்படி கணவன் கையில். அதனால் பணம் யாருடையதாக இருந்தாலும், நிறுவனத்தின் பெயரிலும் சரி, பின்னால் வந்த காப்புரிமையிலும் சரி, பெர்த்தாவின் பெயர் வரவில்லை.

அடுத்த பத்து வருஷம் வறுமைதான். குழந்தைகள் பிறந்தார்கள், கடன் வளர்ந்தது. வேறு வேலை கைகொடுக்காதபோது கார்ல் தனியாக ஓர் இன்ஜின் செய்ய இறங்கினார். 1879-ம் வருஷத்தின் கடைசி இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு பெர்த்தாதான் இன்னொரு தடவை முயன்று பார்க்கலாம் என்று கார்லைப் பட்டறைக்கு இழுத்துப் போனதாகச் சொல்வார்கள். அன்று அந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் நிற்காமல் ஓடியது. 1883-ல் புதிய கூட்டாளிகளோடு பென்ஸ் அண்ட் கம்பெனி உருவானது. தொழிற்சாலைகளுக்கான இன்ஜின்களை விற்று வந்த வருமானத்தில் கார்ல் தன் வண்டியைச் செய்தார். 1886 ஜனவரி 29-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண் 37435. உலகின் முதல் ஆட்டோமொபைலின் பிறப்புச் சான்றிதழ் என்று இன்றைக்கும் சொல்லப்படும் காகிதம் இதுதான்.

அந்த வண்டிக்குள் என்ன இருந்தது?

மூன்று சக்கரம். பின்னால் ஒற்றை சிலிண்டர் இன்ஜின், கொள்ளளவு 954 சிசி. இன்றைய 1000 சிசி கார்களுக்குப் பக்கத்தில் வருகிறதே என்று ஆச்சரியப்பட வேண்டாம், சக்தி முக்கால் குதிரைத்திறன்தான். நிமிஷத்துக்குச் சுமார் 400 சுற்று. இன்றைய கார் சிக்னலில் சும்மா நிற்கும்போதே இதைவிட வேகமாகச் சுற்றும். இன்ஜினோடு சேர்ந்து ஒரு பெரிய சுழல் சக்கரம் படுக்கைவாட்டில் இருந்தது. நிமிர்த்தி வைத்தால் அதன் சுழற்சி வண்டியைத் திருப்பும்போது இடைஞ்சல் தருமோ என்று கார்ல் பயந்தார். ஸ்டார்ட் செய்ய அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட வேண்டும்.

சக்தி சக்கரத்துக்குப் போன வழிதான் இந்தக் கதைக்கு முக்கியம். இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் குறுக்குத் தண்டுக்குப் போகும். அங்கிருந்து இரண்டு பக்கமும் சைக்கிள் மாதிரி செயின் பின்சக்கரங்களுக்கு. குறுக்குத் தண்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருளைகள். ஒன்று சும்மா சுற்றும், இன்னொன்று தண்டோடு சேர்ந்து சுற்றும். ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பெல்ட் சும்மா சுற்றும் உருளையிலிருந்து நகர்ந்து மற்றதற்குப் போகும், வண்டி கிளம்பும். அதே நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் பிரேக்.

அதாவது கிளட்ச் என்று தனியாக ஒன்றும் இல்லை. பெல்ட் நகரும்போது கொஞ்ச நேரம் வழுக்கும் இல்லையா, அந்த வழுக்கல்தான் கிளட்ச். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையும் நின்றுகொண்டிருக்கும் சக்கரத்தையும் சட்டென்று பிணைத்தால் வண்டி குதிக்கும் அல்லது இன்ஜின் அணைந்துவிடும். பெல்ட் வழுக்கியதால் இரண்டும் மெதுவாக ஒரே வேகத்துக்கு வந்தன. இன்ஜினுக்குள் போகும் எரிபொருள் கலவையைக் கூட்டிக் குறைக்க வேறொரு கட்டுப்பாடு இருந்தது. காலால் மிதிக்கும் ஆக்சிலரேட்டர் கிடையாது. இன்ஜினுக்கு ஒரு கை, பெல்ட்டுக்கு ஒரு கை. இரண்டையும் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவருடைய காதுக்கும் கைக்கும். இன்று இரண்டு கம்ப்யூட்டர்கள் செய்யும் வேலை அது.

முதல் வண்டியில் கியர் ஒன்றே ஒன்று. அடுத்தடுத்து மேம்படுத்தி, மூன்றாவது மாடலில் கார்ல் இரண்டு கியர் வைத்தார். சக்தியும் இரண்டு, இரண்டரை குதிரைத்திறன் அளவுக்கு ஏறியது. (இப்போதைய 110 சிசி ஸ்கூட்டர் அதைப் போல மூன்று மடங்கு சக்தி தரும்.) பிரச்சினை என்னவென்றால், யாரும் வாங்கவில்லை. பார்த்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பயந்தார்கள், சிரித்தார்கள். கார்லோ முழுத் திருப்தி வராமல் எதையும் வெளியே கொண்டு வராத ஆள். பட்டறையைச் சுற்றிச் சுற்றியே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் கிளம்பிய காலை

1888 ஆகஸ்ட். பள்ளி விடுமுறை. ஒரு நாள் அதிகாலை கார்ல் தூங்கிக்கொண்டிருந்தபோது, பெர்த்தா 15 வயது ஆய்கென், 14 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ரிச்சர்ட் இருவரையும் கூட்டிக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தார். போகுமிடம் ஃபோர்ட்ஸ்ஹைம், அம்மா வீடு. தூரம் 100 கிலோமீட்டருக்கும் மேல். அதுவரை எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு தூரம் போனதில்லை. ரோடு என்று இருந்தது குதிரை வண்டித் தடம். கணவனிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது என்பதே பொதுவான கணிப்பு.

எரிபொருள் டேங்க் தனியாகக் கிடையாது. கார்புரேட்டரில் கொள்ளும் நாலரை லிட்டர்தான் இருப்பு. அது தீர்ந்ததும் வீஸ்லோக் ஊரில் ஒரு மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தி லிக்ராயின் வாங்கினார். துணியில் கறை எடுக்கப் பயன்படுத்தும் பெட்ரோலிய திரவம் அது. அந்த மருந்துக் கடை இன்றைக்கும் உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று பெருமை பேசிக்கொள்கிறது.

எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தது, தீப்பொறி கொடுக்கும் வயர் உரசிப் போனபோது காலுறைப் பட்டியைச் சுற்றி இன்சுலேஷன் செய்தது, இவையெல்லாம் பெர்த்தா கதையில் கட்டாயம் வரும் காட்சிகள். செயின் தளர்ந்தபோது ப்ரூக்சால் ஊர்க் கொல்லர் சரிசெய்து கொடுத்தார். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், கண்ணில் பட்ட ஓடை, சத்திரம் எல்லாவற்றிலும் நிறுத்தி நிரப்ப வேண்டியிருந்தது.

இந்தக் காட்சிகள் சினிமாத்தனமாக இருப்பதாலோ என்னவோ, தொப்பி ஊசி பிரபலமாகிவிட்டது. உண்மையில் அந்தப் பயணத்தின் பெரிய செய்தி மேடுகளில்தான் இருந்தது.

மேட்டில் நடந்தது என்ன?

மன்ஹைம், ஹைடல்பர்க் பக்கம் ரைன் நதிச் சமவெளி. வண்டி நன்றாகவே ஓடியது. தெற்கே போகப் போக நிலம் மேடு பள்ளமானது. வில்ஃபெர்டிங்கன் ஊருக்கு அப்பால் ஃபோர்ட்ஸ்ஹைமை நோக்கி ஏறும் பாதையில் இரண்டு கியரும் பத்தவில்லை. பையன்கள் இறங்கித் தள்ளினார்கள்.

ஏன் பத்தவில்லை என்பதைப் புரிந்துகொள்ள கியர் சைக்கிள் போதும். மேட்டில் பெரிய பல் சக்கரத்தில் மிதித்தால் பெடல் நகராது. சின்ன கியருக்கு வந்தால் கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். கால் கொடுக்கும் சக்தி அதேதான். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இன்ஜினுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. மனிதக் கால் நின்ற நிலையிலும் அழுத்தம் கொடுக்கும். இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் திணறி அணைந்துவிடும். அது நல்ல முறுக்குவிசை தருவதும் குறிப்பிட்ட சுற்று வேகங்களில்தான். மேட்டில் வண்டியின் வேகம் குறைகிறது, அதோடு பிணைந்த இன்ஜினின் வேகமும் குறைகிறது, சக்தி இன்னும் குறைகிறது, வண்டி இன்னும் மெதுவாகிறது. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, வண்டி மெதுவாகப் போனாலும் இன்ஜின் தன் வசதியான வேகத்தில் சுற்ற வழி செய்வது. அதற்குத்தான் இன்னும் தாழ்ந்த ஒரு கியர் வேண்டும்.

இறக்கத்தில் எதிர்ப் பிரச்சினை. பிரேக் என்பது சக்கரத்தோடு உரசும் மரக்கட்டை. தொடர்ந்து பிடித்ததில் கட்டை தேய்ந்துபோனது. பவுஷ்லாட் ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் நிறுத்தி, கட்டைகளின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் சொன்னார் பெர்த்தா. இன்று எல்லா வண்டியிலும் இருக்கும் பிரேக் லைனிங்கின் மூதாதை அந்தத் தோல் துண்டு.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்ததும் கார்லுக்குத் தந்தி போனது. சில நாள் கழித்து வேறு பாதையில் மன்ஹைம் திரும்பினார்கள். போக வர மொத்தம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர்.

வழியெல்லாம் ஜனங்கள் வண்டியைப் பார்த்தார்கள், செய்தி பரவியது. அந்த வருஷம் செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. விளம்பரம் என்ற வகையில் பயணம் வெற்றி. ஆனால் பெர்த்தா கொண்டு வந்தது வெறும் விளம்பரம் என்று சுருக்கினால் அது நியாயமாகாது. எங்கே திணறியது, எங்கே தேய்ந்தது, எது அடைத்தது என்ற பட்டியலோடு வந்தார். மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் முக்கியமானது. கார்ல் அதை ஏற்றுக்கொண்டு தாழ்ந்த கியரைச் சேர்த்தார். ஒரு வாகனத்தை நிஜமான ரோட்டில், நிஜமான மேட்டில், நிஜமான சுமையோடு ஓட்டிப் பார்த்து வடிவமைப்பை மாற்றுவது இன்று ஒவ்வொரு கார் கம்பெனியிலும் ஒரு தனித் துறை.

மூன்றாவது கியரிலிருந்து கம்ப்யூட்டர் வரை

கியர் கூடியதும் புதிய தலைவலி வந்தது. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்ஜினின் வேகத்தையும் மாற்ற வேண்டும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். இரண்டாவது கியரில் இன்ஜின் 2 சுற்று சுற்றினால் கியர்பாக்ஸின் வெளித்தண்டு 1 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கியரில் 1.4 சுற்றுக்கு 1. இரண்டாவதில் 3,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது மூன்றாவதுக்கு மாறினால், வண்டியின் வேகம் அதேதான், ஆனால் இன்ஜின் 2,100 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். இறங்காமலே பிணைத்தால் அந்த 900 சுற்றின் ஆற்றல் ஒரு தள்ளாக வந்து விழும். மேட்டில் கீழ் கியருக்கு வரும்போது நேர்மாறு. 2,100-லிருந்து 3,000-க்கு இன்ஜினை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் பிணைத்தால் சக்கரம்தான் இன்ஜினை இழுத்து ஏற்றும், வண்டி முன்பக்கம் குத்தும்.

பல காலம் இதைச் செய்தது ஓட்டுநரின் கால்தான். பழைய பஸ், லாரிகளில் ஒரு கியருக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைத் தட்டி, பல் சக்கரங்கள் கரகரக்காமல் மாற்றுகிற ஓட்டுநருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. 1928-ல் கேடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ், பற்கள் பொருந்துவதற்கு முன்பே உராய்வால் வேகத்தைச் சமப்படுத்தி அந்த வித்தையை எளிதாக்கியது. 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்த ஹைட்ராமேட்டிக் அதற்கும் மேலே போனது. வண்டியின் வேகம் ஒரு பக்கம், ஆக்சிலரேட்டரோடு இணைந்த கம்பி சொல்லும் தகவல் இன்னொரு பக்கம். இரண்டையும் எண்ணெய் அழுத்தமாக மாற்றி ஒப்பிட்டு, கியர்பாக்ஸே எப்போது மாறுவது என்று முடிவு செய்தது. இன்ஜினிடம் என்ன கேட்கப்படுகிறது என்பது கியர்பாக்ஸுக்குத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான்.

அப்போதும் பேச்சு ஒருவழிதான். கியர்பாக்ஸ் கேட்டுக்கொள்ளும், இன்ஜினிடம் எதுவும் சொல்லாது. எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகுதான் அது இருவழியானது. இன்றைய காரில் ஆக்சிலரேட்டர் என்பது கேபிள் இழுக்கும் பெடல் கூட அல்ல, ஒரு கோரிக்கைப் படிவம். எவ்வளவு இழுவை வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். கியர் மாற வேண்டிய நேரம் வந்ததும் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் இன்ஜின் கம்ப்யூட்டரிடம் கொஞ்ச நேரம் முறுக்குவிசையைக் குறைக்கச் சொல்லும். இன்ஜின் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் அல்லது காற்றைக் குறைக்கும். அந்த இடைவெளியில் கியர் மாறி, கிளட்ச் பிணைந்ததும், முறுக்குவிசை படிப்படியாகத் திரும்பும். கீழ் கியருக்கு வரும்போது இன்ஜினே தன்னை உசுப்பிக்கொண்டு வேகத்தைப் பொருத்திக்கொள்ளும். நல்ல வண்டியில் இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும், உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

அப்படியானால் ஜவ்வாது மலையில் தலை ஏன் ஆடுகிறது? இந்தியாவில் 2014-ல் மாருதி செலேரியோ மூலம் பரவலான ஏஎம்டி வகைதான் பெரும்பாலும் காரணம். அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சையும் கியரையும் மனிதக் கைகாலுக்குப் பதிலாக இயந்திரம் இயக்குகிறது. விலை குறைவு, மைலேஜும் கிட்டத்தட்ட மேனுவல் அளவுக்கே. ஆனால் ஒரே கிளட்ச் என்பதால் அது விலகியிருக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு இழுவையே போகாது. சமவெளியில் வண்டி தன் ஓட்டத்தில் போய்விடும். மேட்டில் அந்த இடைவெளியில் வேகம் விழுந்துவிடுகிறது, பிணையும்போது குலுக்குகிறது. டார்க் கன்வெர்ட்டர் வகையில் நடுவில் எண்ணெய் மெத்தை மாதிரி வேலை செய்கிறது. பெர்த்தா வண்டியின் வழுக்கும் பெல்ட் செய்த அதே உதவிதான். இரட்டைக் கிளட்ச் வகையில் ஒன்று விலகும்போதே மற்றது பிணைகிறது.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள் மலைப்பாதையில் மேனுவல் மோடுக்கு மாறி, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டால் குலுக்கல் பெருமளவு குறையும். மேலே வளைவு வருவதைக் கம்ப்யூட்டரை விட உங்கள் கண் முன்னாலேயே பார்த்துவிடும். ஜமுனாமரத்தூர் ஏறும் அரசு பஸ் ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள், அதே உத்திதான். இறங்கும்போதும் தாழ்ந்த கியர். இல்லாவிட்டால் பிரேக் சூடாகி, பவுஷ்லாட் மரக்கட்டைக்கு நேர்ந்த கதிதான்.

பிறகு பெர்த்தாவுக்கு என்ன ஆனது?

வெற்றி வந்தது. 1894-ல் வந்த வெலோ என்ற சின்ன நாலு சக்கர வண்டி சுமார் 1,200 விற்றது. அந்தக் காலத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே அதிக கார் செய்யும் நிறுவனமாக பென்ஸ் இருந்தது. 1903-ல் நிறுவனத்துக்குள் வடிவமைப்பு பற்றிய சண்டையில் கார்ல் வெளியேறினார். குடும்பம் பக்கத்தில் உள்ள லாடன்பர்க் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1906-ல் மகன்களோடு வேறொரு சிறிய கார் நிறுவனம் தொடங்கியது. அது பெரிதாக வளரவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் வந்த பணவீக்கம் ஜெர்மனியில் எல்லோருடைய சேமிப்பையும் போலவே அவர்களுடையதையும் கரைத்தது. 1926-ல் பென்ஸ் நிறுவனம் டெய்ம்லரோடு இணைந்தது. 1929 ஏப்ரல் 4-ம் தேதி கார்ல் இறந்தார்.

கார்ல் தன் வாழ்க்கை வரலாற்றில் பெர்த்தாவின் பங்கை மறைக்கவில்லை. எல்லோரும் கைவிட்டபோது கூட நின்றவர் மனைவி ஒருவரே என்று எழுதி வைத்தார். அது மனைவிக்குச் சொன்ன நன்றி. பொறியியல் பங்காளி என்ற அங்கீகாரம் வேறு விஷயம், அது வர ரொம்ப காலம் பிடித்தது. பல ஆண்டுகள் புத்தகங்களில் பெர்த்தா தைரியமான மனைவி, முதல் பெண் ஓட்டுநர் என்ற அளவிலேயே நின்றார். தாழ்ந்த கியரும் பிரேக் தோலும் கதையின் ஓரத்தில் வேடிக்கைத் துணுக்குகளாக இருந்தன.

1944 மே 3-ம் தேதி, 95-வது பிறந்தநாளன்று, கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரி பெர்த்தாவுக்கு கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. கார்ல் மாணவராக இருந்த அதே கல்லூரி. பெர்த்தாவின் இளமையில் பெண்ணுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மே 5-ம் தேதி, லாடன்பர்க் வீட்டில் பெர்த்தா இறந்தார்.

பென்ஸ் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் 2012-ல் திறக்கப்பட்ட டெய்ம்லர் ஆலையிலிருந்து வரும் லாரிகளின் பெயர் பாரத்பென்ஸ். அவற்றில் சில கிளட்ச் பெடலே இல்லாமல், தானே கியர் மாற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஜெர்மனியில் 2008-ல் பெர்த்தா போன வழியைத் தேடிப் பிடித்து, போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பலகைகள் வைத்து பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம், வில்ஃபெர்டிங்கன் மேடு உட்பட. அமெரிக்காவில் உள்ள ஆட்டோமொபைல் புகழ் மண்டபம் 2016-ல் பெர்த்தாவைச் சேர்த்துக்கொண்டது. கார்ல் அங்கே 1984-லேயே இடம் பிடித்திருந்தார்.